சாப்பாட்டுப் பிரச்சனைக்கும் உடம்பு பத்தின கவலைக்கும் முதல் தடவை தெரபிக்குப் போறவங்களுக்கு

சாப்பாட்டு நேரம் வந்தாலே மனசுக்குள்ள ஒரு சண்டை, கண்ணாடி முன்னாடி நின்னா இன்னொரு சண்டைன்னு நாள் ஓடிக்கிட்டிருக்கு, யார்கிட்டயாவது பேசலாமான்னு தோணுது ஆனா தெரபின்னா உள்ள என்ன நடக்கும்னே தெரியல, அந்த இடத்துல நிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். நிறைய பேர் மனசுல இருக்கிற படம் என்னன்னா, ஒரு ரூம்ல உக்காந்து சின்ன வயசுல இருந்து நடந்ததெல்லாம் அழுதுகிட்டே சொல்லணும், எதிர்ல இருக்கவங்க தலையாட்டிக் கேட்டுப்பாங்க, ஒரு நாள் தானா சரியாயிடும். சாப்பாட்டுப் பழக்கமே ஒரு நோயா மாறிப் போறதைத்தான் ஈட்டிங் டிஸார்டர்னு சொல்றாங்க, அதுக்குன்னு இருக்கிற தெரபி பெரும்பாலும் அப்படி இருக்காது. போன செவ்வாக்கிழமை மதியம் சாப்பிடாம விட்டீங்களே, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அன்னிக்கு ராத்திரி என்ன ஆச்சு, இந்த வாரம் எதை மாத்திப் பாக்கலாம்னு அவ்ளோ கிட்டப் போய் பேசுறதுதான் அது. இது முன்னாடியே தெரிஞ்சா பயமும் பாதி குறையும், சரியான ஆளைத் தேடவும் சுலபமா இருக்கும்.

எனக்கெல்லாம் இது தேவையான்னு கேக்குறவங்க

முதல்ல இதைப் பேசிடலாம், ஏன்னா பல பேர் வருஷக்கணக்கா நிக்கிறது இந்த இடத்துலதான். "நான் அவ்ளோ ஒல்லியா இல்லையே", "நான் வாந்தி எல்லாம் எடுக்கிறதில்லையே", "நான் ஆம்பளை, இதெல்லாம் பொண்ணுங்களுக்கு வர்றதுதானே"ன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லித் தள்ளிப் போடுவாங்க. ஈட்டிங் டிஸார்டர் இருக்கிறவங்கள்ல மெலிஞ்சு போனவங்க ஒரு சின்னப் பகுதிதான், மத்தவங்க பாக்க சாதாரணமாவோ குண்டாவோ இருப்பாங்க. அளவு மீறிச் சாப்பிட்டுட்டு வாந்தி, பட்டினின்னு அதை ஈடு கட்டப் பாக்குறதை புலீமியான்னு இன்னிக்கு சொல்றோமே, அதை 1979ல லண்டன்ல ஜெரால்ட் ரஸ்ஸல்னு ஒரு மனநல டாக்டர் தனியா அடையாளம் காட்டி எழுதின பிறகுதான் அது ஒரு நோயாவே வெளிய தெரிஞ்சது. கட்டுப்பாடு இல்லாம சாப்பிட்டுத் தள்ளிட்டு அப்புறம் வெக்கத்துல கூனிக் குறுகிப் போற பிஞ்ச் ஈட்டிங், டாக்டர்கள் வெச்சிருக்கிற டிஎஸ்எம் கையேட்டுல தனி நோயா இடம் பிடிச்சது 2013லதான். அதனால உங்க கஷ்டத்துக்கு பேர் தெரியலன்னா அது கஷ்டம் இல்லைன்னு ஆயிடாது.

டாக்டர்கள் கேக்குற ஸ்காஃப்னு ஒரு சின்ன கேள்வித்தாள் இருக்கு, 1999ல வந்தது, அஞ்சே கேள்விதான். வயிறு ரொம்பிப் போச்சுன்னு நீங்களே வாந்தி எடுக்க வெக்கிறீங்களா, எவ்ளோ சாப்பிடுறோம்ங்கிற கட்டுப்பாடு போயிடுச்சுன்னு கவலையா இருக்கா, கொஞ்ச மாசத்துல எடை நிறைய இறங்கியிருக்கா, மத்தவங்க ஒல்லின்னு சொல்லும்போதும் நீங்க குண்டுன்னு நம்புறீங்களா, சாப்பாடுதான் உங்க வாழ்க்கையையே ஆட்டி வெக்குதுன்னு சொல்வீங்களா. ரெண்டு இல்ல அதுக்கு மேல ஆமான்னா நல்லா விசாரிச்சுப் பாக்கணும்னு அர்த்தம். இதை வெச்சு நோய் இருக்குன்னு முடிவு கட்ட முடியாது, அதே மாதிரி ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னு வந்தா விட்டுடலாம்னும் இல்ல. என் கணக்கு இன்னும் எளிமையானது, சாப்பாடும் உடம்பும் பத்தின நினைப்பு படிப்பையோ வேலையையோ தூக்கத்தையோ உறவையோ தின்னுக்கிட்டிருந்தா, போய்ப் பேச அதுவே போதும்.

தெரபிஸ்டுக்கு முன்னாடி ஒரு டாக்டர்

இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது. வாந்தி எடுக்கிறவங்க, பேதி மாத்திரை போடுறவங்க, ரொம்ப நாளா குறைவா சாப்பிடுறவங்க யாரா இருந்தாலும் முதல்ல ஒரு பொது டாக்டர்கிட்ட போய் ரத்தத்துல பொட்டாசியம் மாதிரி உப்புகளையும் ஒரு ஈசிஜியையும் பாத்துடுங்க. பொட்டாசியம் குறைஞ்சா இதயத் துடிப்பே தாறுமாறாகும், அது வெளிய பாத்தா தெரியாது, எடை சரியா இருக்கிறவங்களுக்கும் வரும். மயக்கம் போட்டு விழுறது, நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, வாந்தில ரத்தம், உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுறது, இதுல எது இருந்தாலும் அடுத்த வார அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

இன்னும் மூணு விஷயம், வெளிய யாரும் பெருசா சொல்றதில்ல. ரொம்ப நாள் பட்டினி மாதிரி இருந்தவங்க திடீர்னு நிறைய சாப்பிட ஆரம்பிச்சா ரத்தத்துல பாஸ்பேட்ங்கிற உப்பு சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால அவங்க சாப்பாட்டைக் கூட்டுறது டாக்டர் கண்காணிப்புலதான் நடக்கணும். சர்க்கரை நோய் இருந்து எடைக்காக இன்சுலினைக் குறைக்கிறவங்க அதை வாயைத் திறந்து சொல்லியே ஆகணும், டாக்டரா கண்டுபிடிப்பார்னு விடாதீங்க. வாந்தி எடுத்த கையோட பல் தேய்க்காதீங்க, அந்த அமிலத்தோட சேத்துத் தேய்ச்சா எனாமல் இன்னும் வேகமாத் தேயும், வெறும் தண்ணில கொப்பளிச்சா போதும்.

எந்த மாதிரி தெரபி

பேர்கள் நிறைய இருக்கு, எல்லாத்தையும் படிச்சு மண்டையைக் குழப்பிக்க வேண்டாம். பெரியவங்களுக்கு அதிகமா ஆராய்ச்சி நடந்திருக்கிறது சிபிடில (நினைப்பையும் பழக்கத்தையும் சேத்து மாத்துற தெரபி முறை), அதுலயும் ஈட்டிங் டிஸார்டருக்குன்னே ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்னும் அவர் கூட இருந்தவங்களும் உருவாக்கின சிபிடி-ஈ. எடை ரொம்ப குறைவா இல்லாதவங்களுக்கு அது பொதுவா 20 வாரத்துல 20 செஷன், முதல் நாலு வாரம் வாரத்துக்கு ரெண்டு தடவை. எடை ரொம்ப குறைஞ்சவங்களுக்கு 40 செஷன் வரைக்கும் போகும். பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழிகாட்டுதல் எழுதுற நைஸ்னு சொல்ற அமைப்பு 2017ல கொடுத்த வழிகாட்டுதல்ல, புலீமியா, பிஞ்ச் ஈட்டிங் இருக்கிற பெரியவங்களுக்கு முதல்ல ஒரு சுய உதவிப் புத்தகத்தை வெச்சு இடையிடையே ஒருத்தர் சின்னதா துணைக்குப் பேசுற முறையையே ஆரம்பமா வெக்கச் சொல்லுது, அது போதலன்னா முழு சிபிடி. அதனால முழு தெரபிக்கு இப்போ வழி இல்லாதவங்க அந்த மாதிரி ஒண்ணுல ஆரம்பிச்சாலும் அது அரைகுறை இல்ல, முறையான முதல் படிதான்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். கோவம் வந்தா, தனிமையா இருந்தா உடனே சாப்பாட்டுப் பக்கம் ஓடுறவங்களுக்கு உணர்ச்சியைத் தாங்கிக்கிற பயிற்சிகள் உள்ள டிபிடி உதவலாம். உறவுச் சிக்கலை வெச்சு வேலை செய்யற ஐபிடின்னு ஒண்ணு இருக்கு, பலன் கொஞ்சம் மெதுவா தெரியும். அனோரெக்ஸியா (எடை ஏறிடுமோங்கிற பயத்துல சாப்பாட்டைக் குறைச்சு ரொம்ப மெலிஞ்சு போறது) இருக்கிற டீன் ஏஜ் பசங்களுக்கு குடும்பத்தை வெச்சு செய்யற எஃப்பிடிதான் முதல்ல பாக்க வேண்டியது, லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில செஞ்ச வேலைல இருந்து வளந்தது. அதுல ஆரம்பத்துல சாப்பாட்டுப் பொறுப்பை பெத்தவங்க கைல எடுத்துக்குவாங்க, பிள்ளை தேற தேற கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுப்பாங்க. "யார் தப்பு"ங்கிற விசாரணைக்கு அங்க இடமே கிடையாது, அதுதான் அதுல எனக்குப் பிடிச்ச விஷயம்.

போன் பண்ணும்போது என்ன கேக்கணும்

போன் பண்ணவே கை நடுங்கும், அதனால பேச வேண்டியதை முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. "எனக்கு சாப்பாடு சம்பந்தமாவும் உடம்பு பத்தியும் ரொம்ப கஷ்டமா இருக்கு, நீங்க ஈட்டிங் டிஸார்டர் இருக்கிறவங்களைப் பாத்திருக்கீங்களா, என்ன முறைல பாப்பீங்க, தேவைப்பட்டா டாக்டர், டயட்டீஷியன் கூட சேந்து வேலை செய்வீங்களா?" இவ்ளோ போதும். மெசேஜ் அனுப்பினாலும் சரிதான், இதே வரியை அப்படியே அனுப்புங்க.

எனக்கு சாப்பாட்டுப் பிரச்சனைல அனுபவம் இல்லன்னு நேரா சொல்லி வேற ஆளைக் கை காட்டுறவங்க நல்லவங்க, நன்றி சொல்லிட்டு அடுத்த நம்பருக்குப் போங்க. எச்சரிக்கையா இருக்க வேண்டியது வேற ரகம். முதல் பேச்சுலயே எடை குறைக்க பிளான் போட்டுத் தர்றேன்னு சொல்றவங்க, "மன உறுதி இருந்தா போதும்"னு சொல்றவங்க, மாசக்கணக்கா போயும் நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு தடவை கூட கேக்காதவங்க. இந்த மூணாவது ஆள் ரொம்ப அன்பா பேசுவாங்க, போயிட்டு வந்தா மனசு லேசா இருக்கும், ஆனா அதுக்கு நடுவுல சாப்பாட்டுப் பழக்கம் இருந்த இடத்துலயே இருக்கும். அதனால ரெண்டு மூணு செஷன்ல அந்தப் பேச்சு வரலன்னா நீங்களே எடுத்து வையுங்க.

முதல் செஷன்

எல்லா அந்தரங்கத்தையும் அன்னிக்கே கொட்டணும்னு இல்ல. எப்போ ஆரம்பிச்சது, ஒரு சாதாரண நாள்ல காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எப்படி சாப்பிடுறீங்க, எதை ஒதுக்குறீங்க, சாப்பிட்ட பிறகு என்ன பண்றீங்க, எவ்ளோ எக்சர்சைஸ், மாதவிடாய் ஒழுங்கா வருதா, தூக்கம் எப்படி, உயிரை விடணும்னு நினைச்சிருக்கீங்களா, இதெல்லாம் கேப்பாங்க. நீங்க சொல்ற எதுவும் அவங்களுக்குப் புதுசா இருக்காது. ஒளிச்சு வெச்சு சாப்பிட்டது, குப்பைல போட்டதை திரும்ப எடுத்தது, நடு ராத்திரி எழுந்து வாக்கிங் நடந்ததுன்னு நீங்க வெக்கப்படுற விஷயத்தை அவங்க பல பேர்கிட்ட கேட்டிருப்பாங்க. சொன்னது யார்கிட்ட போகும், எந்த சூழ்நிலைல மட்டும் வீட்டுக்கோ டாக்டருக்கோ சொல்லுவாங்கன்னு நீங்களும் கேட்டுத் தெளிவாக்கிக்கோங்க.

சிபிடின்னா முதல் ஒண்ணு ரெண்டு செஷன்லயே உங்க கூட உக்காந்து ஒரு பேப்பர்ல படம் வரைவாங்க. மேல "நான் எப்படி இருக்கேங்கிறதை வெச்சுதான் எனக்கு மதிப்பு"ன்னு ஒரு கட்டம். அதுக்குக் கீழ "கடுமையான சாப்பாட்டு ரூல்". அதுல இருந்து ஒரு அம்புக்குறி "ரூல் உடைஞ்சுது, இனிமே என்ன, எல்லாத்தையும் சாப்பிடு"ங்கிற கட்டத்துக்குப் போகும், அங்கிருந்து வாந்தியோ பட்டினியோ, அங்கிருந்து திரும்பவும் இன்னும் கடுமையான ரூல். உங்க வார்த்தைலயே எழுதுவாங்க. இத்தனை நாளா "எனக்குக் கட்டுப்பாடு இல்ல"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தவங்க, கட்டுப்பாடு அதிகமானதாலதான் அது உடையுதுன்னு அந்தப் பேப்பர்ல பாக்குற நேரம் ரொம்ப முக்கியமானது. இதுக்கு ஒரு பழைய சான்றும் இருக்கு. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு நடத்தின ஆய்வுல நல்ல ஆரோக்கியமான 36 ஆம்பளைங்க தாங்களா ஒத்துக்கிட்டு 24 வாரம் பாதிப் பட்டினில இருந்தாங்க. அவங்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான், சமையல் குறிப்பைப் படிச்சுக்கிட்டே இருந்தாங்க, எரிச்சல், சோர்வு, யார் கூடவும் சேராம ஒதுங்கிப் போறது, பட்டினி முடிஞ்ச பிறகு சில பேரால சாப்பிடுறதை நிறுத்தவே முடியல. உங்களோட குணம்னு நீங்க நினைச்சுக்கிட்டிருக்கிறதுல பாதி பட்டினி உடம்பு பண்ற வேலையா இருக்கலாம்.

எழுதுறது, நேரத்துக்குச் சாப்பிடுறது, வாரம் ஒரு தடவை எடை

இந்த மூணுதான் முதல் மாசத்து வேலை, இதுலதான் நிறைய பேர் தடுமாறுவாங்க.

எழுதுறதுன்னா கலோரி எழுதுறது இல்ல, அது வேண்டவே வேண்டாம். மணி, என்ன சாப்பிட்டேன், எங்க, அது அதிகம்னு தோணுச்சா, வாந்தியோ மாத்திரையோ உண்டா, அப்போ மனசுல என்ன ஓடுச்சு, இவ்ளோதான். ஒரு வரி இப்படி இருக்கும்: "ராத்திரி 9:40, ஒரு பாக்கெட் பிஸ்கட் முழுசும், ரூம்ல தனியா, அதிகம்னு தோணுச்சு, சாயங்காலம் மாமா எல்லார் முன்னாடியும் உடம்பு போட்டுட்டியேன்னு சொன்னாரு, மதியமும் சாப்பிடல." இந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசலாம். தெரபிஸ்ட் கேக்குறது அனேகமா "மதியம் ஏன் விட்டீங்க?"ன்னுதான் இருக்கும், பிஸ்கட்டைப் பத்தி இருக்காது. நடந்த கையோட எழுதுங்க, ராத்திரி மொத்தமா உக்காந்து எழுதினா பாதி மறந்திருக்கும், மீதி வெக்கத்துல மாறியிருக்கும்.

அடுத்தது மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு மூணு சின்ன தீனி, எதுக்கும் எதுக்கும் நடுவுல நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாம. ஆரம்பத்துல என்ன சாப்பிடுறோம்ங்கிறதை விட எப்போ சாப்பிடுறோம்ங்கிறதுதான் கணக்கு. பசி இல்லன்னாலும் நேரத்துக்கு சாப்பிடணும், ஏன்னா இத்தனை நாள்ல பசி, திருப்தின்னு உடம்பு சொல்றதெல்லாம் கலைஞ்சு போயிருக்கும், அது திரும்ப வர நாளாகும். முந்தின ராத்திரி அளவு மீறிப் போச்சுன்னாலும் காலைச் சாப்பாட்டை விடக்கூடாது, இதை விட்டா அந்தச் சுழல் அன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சுடும். பிஞ்ச் பண்றவங்கள்ல பல பேருக்கு இந்த ஒண்ணுலயே அது நல்லா குறைய ஆரம்பிக்கும். முதல் நாலு வாரத்துல கொஞ்சமாவது மாற்றம் தெரியுதாங்கிறது கடைசில எப்படி முடியும்னு கணிக்க உதவுற நல்ல அடையாளம்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, அதனால ஆரம்ப வாரங்கள்ல லீவு, ஊர் போறதுன்னு செஷனை விடாம பாத்துக்கோங்க.

எடையை செஷன்ல வாரம் ஒரு தடவை மட்டும் பாப்பாங்க. தினமும் நாலு தடவை மெஷின்ல ஏறுறவங்களுக்கும், பயந்து வருஷமா ஏறாதவங்களுக்கும் ரெண்டு பேருக்குமே இது கஷ்டம்தான். ஒரு நாள் எண்ணை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, தண்ணி, உப்பு, மாதவிடாய்னு எதுனாலயும் ஏறும் இறங்கும், நாலு வாரத்தை சேத்துப் பாத்தாதான் போக்கு தெரியும்னு அந்த கிராஃபை வெச்சுக் காட்டுவாங்க. எண் வந்த உடனே வர்ற பீதியை தனியா வீட்டுல அனுபவிக்காம அங்கயே பேசித் தீத்துக்கறதுதான் இதோட பயன்.

உடம்பு பத்தின பேச்சு

சாப்பாடு ஓரளவு ஒழுங்கான பிறகு இதுக்கு வருவாங்க, என்னைக் கேட்டா முழு தெரபில ஆழமான பகுதி இதுதான், நேரமும் அதிகமா எடுக்கும். முதல்ல ஒரு வட்டம் வரையச் சொல்லுவாங்க, உங்களை நீங்க எதை வெச்சு மதிப்பு போடுறீங்கன்னு துண்டு துண்டா பிரிக்கணும். படிப்பு, நட்பு, வேலை, பாட்டு, குடும்பம் எல்லாம் ஓரத்துல கீத்துக் கீத்தா கிடக்க, உடம்பு மட்டும் வட்டத்துல பெரிய பங்கைப் பிடிச்சிருக்கும். ஒரே விஷயத்துல எல்லாத்தையும் வெச்சிருந்தா அது ஆடுறப்போ எல்லாமே ஆடும், அதனால அந்தத் துண்டை நேரா வெட்டறதுக்குப் பதிலா மத்ததை வளக்க ஆரம்பிப்பாங்க, விட்டுப் போன டிராயிங், பேசாம போன சிநேகிதின்னு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா இது அலங்காரத்துக்குச் சொல்ற ஹோம்வொர்க் இல்ல, சிகிச்சையோட நடு வேலை.

கூடவே நாள் முழுக்க உடம்பைச் சோதிக்கிறதை எழுதச் சொல்லுவாங்க. மணிக்கட்டை விரலால சுத்திப் பாக்குறது, வயித்தைக் கிள்ளிப் பாக்குறது, கடை கண்ணாடில சைடா பாக்குறது, பழைய பேன்ட் ஏறுதான்னு போட்டுப் பாக்குறது, பக்கத்துல நிக்கிறவங்களோட தன்னை ஒப்பிடுறது. ஆம்பளைங்கள்ல சில பேருக்கு இது தலைகீழா இருக்கும், இன்னும் சதை போடலயேன்னு கையை முறுக்கி முறுக்கி போட்டோ எடுத்துப் பாக்குறது. ஒரு நாள் எழுதிப் பாத்தா எத்தனை தடவைன்னு தெரிஞ்சு அதிர்ச்சியா இருக்கும். எதைத் தேடிக்கிட்டே இருக்கோமோ அதுதான் கண்ணுல பெருசா படும், ஒரு இடத்தையே உத்துப் பாத்தா அங்க குறை தெரியாம இருக்காது. அதனால எதை முழுசா நிறுத்தறது, எதை குறைக்கிறதுன்னு ஒவ்வொண்ணா பேசி முடிவு பண்ணுவாங்க. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கிறவங்களுக்கு எதிர்ப்பக்கமா, மெதுவா பழகுற மாதிரி வேலை கொடுப்பாங்க.

"குண்டா ஃபீல் ஆகுது"ங்கிறது இன்னொரு பெரிய இடம். காலைல இல்லாத அந்த உணர்வு சாயங்காலம் மலை மாதிரி வருது, நடுவுல அஞ்சு மணி நேரத்துல உடம்பு மாறிடுமா? அது வர்ற நேரத்தைக் குறிச்சுக்கிட்டே வந்தா அதுக்குக் கீழ வேற ஏதாவது இருக்கும், அலுப்பு, யாரோ மதிக்காத மாதிரி இருந்தது, வயிறு உப்புசம், தூக்கம் இல்லாதது. அந்த நிஜமான பேரைக் கண்டுபிடிச்சா அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கலாம், தூங்கலாம், போன் பண்ணிப் பேசலாம். குண்டுங்கிற பேரோடயே இருந்தா கைல இருக்கிற ஒரே மருந்து பட்டினியா போயிடும்.

வீட்டுல இருக்கிறவங்க

எல்லாத்தையும் வீட்டுல சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கூட சாப்பிடுற ஒருத்தருக்காவது தெரிஞ்சா ரொம்ப உதவி. "அம்மா, நான் என்ன சாப்பிட்டேன் எவ்ளோ சாப்பிட்டேன்னு பேசாதீங்க, உடம்பு ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னும் சொல்லாதீங்க, சாப்பிட்டு முடிச்சதும் அரை மணி நேரம் என் கூட உக்காந்து வேற ஏதாவது பேசுங்க"ன்னு கேளுங்க. இப்படி என்ன செய்யணும்னு தெளிவா சொன்னா பெரும்பாலானவங்க செய்வாங்க, "என்னைப் புரிஞ்சுக்கோங்க"ன்னு மட்டும் சொன்னா அவங்களுக்கும் வழி தெரியாது. வீட்டுக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு, "இப்போ முகம் பளிச்சுன்னு இருக்கே, தேறிட்ட"ங்கிற பாராட்டு கூட எடை ஏறிடுச்சுன்னுதான் அவங்க காதுல விழும், அதனால உடம்பைப் பத்தி நல்லதும் வேண்டாம் கெட்டதும் வேண்டாம்.

நடுவுல நின்னு போனா, முடியற நேரத்துல

நடுவுல போக வேண்டாம்னு தோணும், அனேகமா ரூல் ஒண்ணை விடச் சொன்ன வாரத்துல. அப்போ கேன்சல் பண்றதுக்குப் பதிலா போய் "எனக்கு வர வேண்டாம்னு இருந்துச்சு"ன்னே ஆரம்பிங்க, அதை விட நல்ல செஷன் அமையறது கஷ்டம். ஆறேழு வாரம் ஆகியும் எதுவுமே அசையலன்னா அதையும் நேரா கேளுங்க, முறையை மாத்தணுமா, டாக்டர்கிட்ட மருந்து பத்தி பேசணுமா, இன்னும் தீவிரமான சிகிச்சை தேவையான்னு. சரிப்பட்டு வரலன்னா ஆளை மாத்துறது துரோகம் இல்ல.

கடைசி செஷன்கள்ல இடைவெளி ரெண்டு வாரம் ஆகும், உங்களுக்குன்னு ஒரு பேப்பர் எழுதுவீங்க. எந்த மாதிரி நேரத்துல பழசு எட்டிப் பாக்கும் (பரீட்சை, கல்யாண வீடு, பிரிவு, உடம்பு சரியில்லாம எடை இறங்குறது), முதல் அறிகுறி என்ன, அன்னிக்கே என்ன செய்யணும். ஒரு நாள் சறுக்கினா அது சறுக்கல்தான், மறுநாள் காலைச் சாப்பாட்டுல இருந்து நேரத்துக்கு சாப்பிட ஆரம்பிச்சு எழுதுறதையும் திரும்ப எடுக்கணும். ரெண்டு வாரம் அப்படியும் நிக்கலன்னா தெரபிஸ்டுக்கு போன். சிபிடி-ஈல முடிஞ்சு சுமார் 20 வாரம் கழிச்சு திரும்ப ஒரு தடவை பாக்குறதுக்கு அப்பாயின்மென்ட் வெப்பாங்க, நல்லா இருக்கோமேன்னு அதை விட்டுடாம தேதியைக் கையோட வாங்கிட்டு வாங்க.